மெழுகுவர்த்தி போதும்

சிறப்புப் பள்ளிகளில் 12, 13 வயதுப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு,



என் வீட்டுப் பரணில் மூன்று அட்டைப்பெட்டி நிறைய மெழுகுவர்த்தி கிடக்கிறது. ரோஜா, தாமரை, கிளிஞ்சல் என்று விதவிதமான அச்சு. சித்திரை வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இப்போது எது ரோஜா எது தாமரை என்று பிரிக்க முடியாது. திருப்பூர் வட்டாரத்தில் 22 ஆண்டுகள் சிறப்பாசிரியையாக இருந்தேன். அதில் முதல் 9 ஆண்டுகள் உங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த தொழில் இதுதான்.

சொல்லிக்கொடுத்தேன் என்பதும் பொய். சூடு என்பதால் மெழுகை நான் உருக்கினேன். சிந்தும் என்பதால் அச்சில் நானே ஊற்றினேன். திரியை ஆயாம்மா நிமிர்த்தி வைத்தார். ஆறின பிறகு அச்சைத் திறந்து எடுத்தது மட்டும்தான் பிள்ளை. அறை வாசலில் 'தொழிற்பயிற்சிக் கூடம்' என்று பலகை. ஏப்ரல் 2, ஆட்டிச விழிப்புணர்வு நாளில், நீல பலூன் கட்டி ஒரு மேசை போடுவோம். தீபாவளிக்கு முன்னால் இன்னொரு மேசை. வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். 50 ரூபாய்க்கு வாங்கிப் போனார்கள். ஆனால் ஒருவராவது அடுத்த மாதம் திரும்பி வந்து, "போன தடவை வாங்குனது தீந்துபோச்சுங்க, இன்னும் ரெண்டு குடுங்க" என்று கேட்டதில்லை. யாருக்கும் தேவைப்படாத பொருளை, பாதிக்கு மேல் டீச்சரே செய்து, பரிதாபத்துக்கு விற்பதற்குத் தொழில் என்று பெயர் வைத்திருந்தோம்.

எனக்கு அது உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 7 வயதில் சேர்ந்த ஒரு பையன் 18 முடித்து வெளியே போகிற நாள். அவனுடைய அப்பா பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். "இனி என்னங்க டீச்சர் பண்றது?" என்று கேட்டார். மெழுகுவர்த்தி செய்யத் தெரியும், வீட்டிலேயே சிறியதாக ஆரம்பிக்கலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "திருப்பூர்ல இப்பெல்லாம் கரண்டே போறதில்லைங்களே டீச்சர்" என்றார்.

அந்தப் பையன் இன்றும் வீட்டில்தான் இருக்கிறான். இந்த மடலுக்கு அவனே காரணம். 'என் பிள்ளை வேலைக்குப் போவானா?' என்ற கேள்வியை நீங்கள் 18 வயதில் கொண்டுவருகிறீர்கள். அதைக் கேட்க வேண்டிய வயது 12. அந்த வயதிலிருந்து செய்ய வேண்டியவற்றில் பாதிக்கு மேல் பள்ளியால் முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் படித்தேன். மார்க் கோல்ட் என்று ஒரு அமெரிக்கர். லாஸ் ஏஞ்சல்ஸில் சிறப்பாசிரியராக இருந்து ஆய்வுக்குப் போனவர். அறிவுசார் குறைபாடு கடுமையாக உள்ளவர்களை அந்த நாளில் அங்கேயும் பாசி மணி கோர்க்கத்தான் உட்கார வைத்திருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இவர் அவர்கள் முன்னால் சைக்கிள் பிரேக்கைப் பிரித்துப் போட்டார். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்குமே, பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் வகை. ஏறக்குறைய 15 சின்னச் சின்னப் பாகங்கள், ஒன்று மாறினாலும் பூட்டாது. அவர்கள் பூட்டினார்கள். வேலையைத் துளித்துளியாகப் பிரித்து ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றியதுதான் வித்தை. கற்றுக்கொள்ளவில்லை என்றால் கற்பிக்கும் விதத்தை மாற்று என்பது அவர் கட்சி. தன் முறைக்கே 'வேறு விதமாக முயன்று பார்' என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்திருந்தார்.

அவரிடம் நான் எடுத்துக்கொண்ட இன்னொன்று, பேச்சைக் குறைத்தது. பிள்ளை சரியாகச் செய்யும்போது அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். தப்பு நேரும்போது மட்டும் கை நீளும். நாங்களோ ஒரு குச்சியை எடுத்து வைத்தால்கூட "சூப்பர்! வெரி குட்! எல்லாரும் கை தட்டுங்க!" என்று அறையை அதிர வைப்போம். எந்தக் கம்பெனியிலும் கார்ட்டன் பெட்டி ஒட்டினதற்குக் கை தட்ட மாட்டார்கள். கை தட்டலுக்குப் பழகின பிள்ளை அது வராதபோது தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து அழுகிறது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

பத்தாம் ஆண்டில் மெழுகு அடுப்பை அணைத்துவிட்டு, ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றுக்குப் போய் அதன் ஓனரிடம் மூன்று நாள் கேட்டேன். பையனுக்கு இல்லை, எனக்கு. பேக்கிங் செக்‌ஷனில் உட்கார்ந்து வேலை செய்தேன். பிசிர் வெட்டுவது, அட்டை வைத்து மடிப்பது, டேக் போடுவது, பாலிதீன் கவரில் நுழைப்பது, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுவது. அங்கிருக்கும் பெண்கள் வீட்டுக் கதை பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே ஒரு டி-ஷர்ட்டை மடித்துப் போடுகிறார்கள். அதே மடிப்பை நான் எழுதிப் பார்த்தபோது 14 அசைவுகள் வந்தன. முதல் நாள் மாலை என் கணக்கு அவர்கள் கணக்கில் கால்வாசிகூட இல்லை. சிறப்பாசிரியைப் பட்டயம் வைத்திருந்த நான் அன்றைக்கு அந்த மேசையில் 'மெதுவாகக் கற்பவள்'. ஒவ்வொரு சிறப்பாசிரியரும் இப்படி மூன்று நாள் எங்காவது அவமானப்பட்டுவிட்டு வந்தால் நல்லது.

நான்காம் நாள் 19 வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிப்போனேன். ஆட்டிசம் உள்ளவன், பேச்சு குறைவு. 14 அசைவில் ஒன்பதாவதில், அட்டையோடு துணியைத் திருப்புகிற இடத்தில், ஐந்து நாள் நின்றுபோனான். மேசையில் இரண்டு டேப் ஒட்டிக் கோடு காட்டியதும் கடந்துவிட்டான். அதைவிடப் பெரிய சிக்கல் சைஸில் வந்தது. எக்ஸெல் துணியையெல்லாம் கொண்டுபோய் எல் பெட்டியில் போட்டான். எத்தனை தரம் சொன்னாலும் அதே. யோசித்துப் பார்த்தால் அவன் பக்கம் நியாயம் இருந்தது. எக்ஸெல்லில் எல் இருக்கிறதே! இதற்கு வழி கண்டுபிடித்தது நானல்ல, பேக்கிங் இன்சார்ஜ் அக்கா. "அவன் டேபிளுக்கு ஒரு நேரத்துல ஒரே சைஸ்தான் போகோணும். அது முடிஞ்சாத்தான் அடுத்தது." அவ்வளவுதான். ஒரு ரூபாய் செலவில்லை.

வேலையை அவன் இப்படிப் பிடித்துக்கொண்டான். ஆனால் வேலை போக இருந்தது, 11 மணி டீயால்.

இதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். பெல் அடித்ததும் இருநூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுகிறார்கள். தட்டில் பன்னும் கிளாஸில் டீயும் கைமாறுகின்றன. ஒருவர் தோளில் ஒருவர் தட்டிச் சிரிக்கிறார்கள். மெஷின் சத்தம் நின்றதும் மனிதச் சத்தம் கூடுகிறது. எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது, எப்போது சிரிப்பது என்பதற்கு அங்கே எந்த 14 அசைவும் கிடையாது. ஒரு நாள் அவன் நேராக ஓனர் அறைக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அங்கே ஃபேன் இருந்தது, சத்தம் இல்லை. அவனுக்குத் தெரிந்த காரணம் அவ்வளவே. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அவனுக்குப் பிடித்துப்போனது. மறுநாள் ஒருவன் வேண்டுமென்றே, "ஓனர் கூப்புடறாரு, போ" என்றான். போனான். எட்டு மணி நேர வேலையில் ஒரு குறை சொல்ல முடியாதவனை, 15 நிமிடத்துக்காக வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள்.

நான் கண்ட வரையில், எங்கள் பிள்ளைகள் வேலையை இழப்பது வேலை தெரியாமல் அல்ல. டீ நேரம், சாப்பாட்டு நேரம், பாத்ரூம், பஸ் ஸ்டாப், சம்பளம் வாங்க வரிசையில் நிற்கும் நேரம் ஆகியவற்றில்தான் இழக்கிறார்கள். ஒருவரும் பயிற்சி கொடுக்காத நேரங்கள் இவை. டீ குடித்து, கிளாஸை அலசி வைத்து, பாத்ரூம் போய், தண்ணீர் டிரம் பக்கத்தில் நிற்பது என்று நான்கு படங்களை அட்டையில் வரைந்து அவன் சட்டைப் பையில் வைத்தேன். டிரம் பக்கத்தில் பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் தனியாக நிற்பான். இவனுக்குப் பேச்சு குறைவு, அவனுக்குத் தமிழ் குறைவு. ஒரு வாரத்தில் இருவரும் ஒரே பன்னைப் பிய்த்துத் தின்னும் அளவுக்கு வந்துவிட்டார்கள். சிறப்புக் கல்வியில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

இதே பாடத்தை வேறொரு ஊரில் முறையாகவே நடத்துகிறார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவை நிர்வகித்த ஒரு செவிலியருக்கு, பொருட்களை எடுத்து அடுக்கும் வேலையில் ஆள் நிலைக்காதது தலைவலியாக இருந்தது. இந்தப் பிள்ளைகள் செய்யலாமே என்று தோன்றி, 1996இல் 'புராஜெக்ட் சர்ச்' தொடங்கியது. பள்ளியின் கடைசி ஆண்டு முழுவதும் வகுப்பு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும். ஆண்டுக்குள் மூன்று பிரிவுகளில் மாறி மாறி வேலை. இரக்கப்பட்டு ஆரம்பித்த திட்டம் இல்லை அது. காலியான அலமாரியைப் பார்த்து ஆரம்பித்தது. அதனால்தான் பல நாடுகளுக்குப் பரவியது என்பது என் எண்ணம். உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேளுங்கள்: கடைசி இரண்டு ஆண்டில் எத்தனை நாள் பள்ளிக்கு வெளியே, உண்மையான ஒரு வேலையிடத்தில் இருப்பான்? பதில் 'ஒரு நாள் சுற்றுலா' என்றால் சண்டை போடுங்கள்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். கொஞ்சம் கசக்கும்.

மீசை அரும்பின பையனை நீங்கள் இன்னும் 'பாப்பா' என்கிறீர்கள். குளிக்க வைக்கிறீர்கள், ஊட்டிவிடுகிறீர்கள், டவுசர் போட்டுவிடுகிறீர்கள். வேகமாக முடியும் என்பதால் செய்கிறீர்கள். எனக்குப் புரிகிறது, காலை ஏழரை மணிக்கு யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் குளித்து, ஷேவ் செய்து, டிபன் பாக்ஸைத் தானே திறந்து, சிந்தினால் துடைத்து, பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் திறந்து வரத் தெரியாதவனுக்கு, எத்தனை அசைவு மடிக்கத் தெரிந்தாலும் கம்பெனியில் இடமில்லை. நான் அனுப்பிய இடங்களில் முதலில் வந்த புகார் பெரும்பாலும் வேர்வை நாற்றம்தான். நீங்கள் சொல்லாவிட்டால் உலகம் இதை வேறு மாதிரி சொல்லும்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களே, மாதவிலக்கு நாளில் பேடை மாற்றி, சுற்றி, எங்கே போடுவது என்பது தன் வீட்டு பாத்ரூமில் மட்டும் தெரிந்தால் போதாது. கல்யாண மண்டபத்தில், பஸ் ஸ்டாண்டில், சொந்தக்காரர் வீட்டில் செய்து பழக வேண்டும். யார் எங்கே தொட்டால் கத்த வேண்டும் என்பதும் அப்படித்தான். 'சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை' என்று இவர்களைப் பாராட்டியே வளர்க்கிறோம். எவன் சொன்னாலும் கேட்கிற பிள்ளையை எந்தக் கம்பெனிக்கும் அனுப்ப எனக்குப் பயம். 'மாட்டேன்' என்ற சொல்லை வீட்டில் சொல்லவிட்டால்தான் வெளியே வரும். அது முதலில் உங்களிடம்தான் வரும், தாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டிப்பிடிக்கும் பழக்கமும் ஒன்று. 6 வயதில் வந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தால் எல்லோரும் கொஞ்சுவார்கள். 20 வயதில் அதே பிள்ளை, அதே அன்போடு பக்கத்து டேபிள் பெண்ணைக் கட்டிப்பிடித்தால் போலீஸ் வரும். இடையில் எந்தத் தேதியில் அது தப்பாக மாறியது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்கே கையெடுத்துக் கும்பிடச் சொல்லிக்கொடுங்கள். நம் ஊர் வணக்கம் ஆட்டிசப் பிள்ளைகளுக்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கிறது. தொட வேண்டியதில்லை, கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பிறகு பஸ். பயப்படாதீர்கள், தலைகீழாக ஆரம்பிக்கலாம். முதல் வாரம் முழு வழியும் பக்கத்தில் உட்காருங்கள். இறங்குகிற நிறுத்தத்தில் மட்டும் அவன் முதலில் எழட்டும். அடுத்த வாரம் நீங்கள் பின்சீட்டில். அதற்கடுத்து, ஏற்றிவிட்டு நீங்கள் பைக்கில் முன்னால் போய் இறங்கும் இடத்தில் நில்லுங்கள். கடைசியில் ஏறுவதையும் அவனிடம் விடுங்கள். எனக்கு ஒரு பையனோடு இது 5 மாதம் எடுத்தது. இன்னொருவன் மூன்றாம் வாரமே என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க போங்க" என்றான்.

ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டினைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1947இல் பிறந்து, பேச்சு தாமதமாக வந்து, பிறகு கொலராடோவில் கால்நடை அறிவியல் பேராசிரியராகி, மாடுகள் மிரளாத பட்டிகளை வடிவமைத்தவர். அவருடைய மூளையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவருடைய அம்மா. மகளுக்கு 13 வயதானபோது, வீட்டில் வைத்துத் தைத்துக்கொடுக்கும் ஒரு பெண்மணியிடம் பேசி, ஓரம் மடித்துத் தைக்கச் சேர்த்துவிட்டார். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை எனக்கு நினைவூட்ட வேண்டாம். 14 வயதுக்குக் கீழ் யாரையும் சம்பளத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை. மாடி வீட்டுப் பாட்டிக்குத் தினமும் ஆறு மணிக்குப் பால் பாக்கெட் வாங்கிக் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் வண்டியைத் துடைக்கட்டும். வேண்டியது மூன்று: நேரம் குறித்த வேலை, வீட்டுக்கு வெளியே ஒரு ஆள், சரியில்லை என்றால் 'சரியில்லை' என்று சொல்லும் வாய். அம்மா அப்பாவால் மூன்றாவதைச் செய்ய முடியாது. பாட்டி செய்வார்.

ஒரு சின்ன விலகல். 'கற்றல் குறைபாடு' என்ற சொல்லை நம் ஊரில் எல்லாவற்றுக்கும் போர்த்திவிடுகிறோம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையின் சங்கதியே வேறு. அறிவில் ஒரு குறையும் இல்லை. எழுத்து மட்டும் எதிரி. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் என்று சலுகை வாங்கித் தேறிவிடுகிறான். வேலைக்குப் போனால் முதல் நாளே இரண்டு பக்க விண்ணப்பத்தை நீட்டுகிறார்கள். கட்டிங் மாஸ்டருக்கு உதவியாளனாக இருக்கும் ஒருவன் எனக்குத் தெரியும். துணியைத் தொட்டே அதன் கனம், அதாவது ஜிஎஸ்எம், எவ்வளவு என்று சொல்லிவிடுவான். ஆர்டர் ஷீட்டைப் படிக்க மாட்டான். மாஸ்டர் அளவுகளை வாட்ஸ்அப்பில் குரலாகப் போட்டுவிடுகிறார், வேலை ஓடுகிறது. இந்தப் பிள்ளைகள் வெட்கப்பட்டு மறைப்பதற்குப் பதில் "எனக்கு வாயால சொல்லிடுங்கண்ணா, மறக்க மாட்டேன்" என்று சொல்லப் பழகினால் போதும். அந்த ஒரு வாக்கியத்தை நூறு தடவை ஒத்திகை பாருங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1995இன் பழைய சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகையை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் டிஸ்லெக்சியாவையும் உள்ளே கொண்டுவந்தது. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு. அதில் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து. அந்த ஒன்றை நம்பி உட்கார வேண்டாம் என்பது என் கருத்து. உங்களுக்குப் பயன்படுவது வேறு இடத்தில் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், எந்தெந்த வேலைக்கு மாற்றுத்திறனாளிகளை எடுக்கலாம், என்ன வசதி தரலாம் என்று சம வாய்ப்புக் கொள்கை எழுதி வைத்திருக்க வேண்டும் என்று 2017இன் விதிகள் சொல்கின்றன. நம் வட்டாரத்தில் 20 பேர் இருக்கும் கம்பெனிக்குக் குறைவில்லை. அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் குறைவு. போய்க் கேளுங்கள், பணிவாகவே கேளுங்கள். எக்ஸெல் துணியைத் தனியாகக் கொடுத்தாரே இன்சார்ஜ் அக்கா, அதற்குச் சட்டத்தில் நீளமான பெயர் இருக்கிறது. அக்காவுக்கு அது தெரியாது, ஆனால் செய்துவிட்டார்.

ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு என்ற சான்றிதழ் வேண்டும். அடையாள அட்டையை 12 வயதிலேயே வாங்கிவிடுங்கள். "அக்காவுக்குக் கல்யாணம் முடியட்டும், அப்பறம் கார்டு எடுத்துக்கலாங்க" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! அக்கா கல்யாணம் முடிகிறது, அவளுக்குப் பிள்ளையும் பிறக்கிறது, தம்பிக்கு 24 ஆகிறது, கார்டு வருவதில்லை.

என் தோல்வி ஒன்றையும் எழுத வேண்டும். இனிப்புக் கடை ஒன்றில் அட்டைப்பெட்டி மடிக்க ஒரு பெண்ணைச் சேர்த்தேன். நான்கு மாதம் தினமும் பக்கத்திலேயே நின்றேன். அழகாக மடித்தாள். இனி பயமில்லை என்று ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை. முதல் பெட்டியை மடித்துவிட்டு, நான் வழக்கமாக நிற்கும் மூலையைப் பார்த்தபடி அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் நான் தலையாட்டியிருக்கிறேன். எனக்கே தெரியாமல் என் தலையாட்டல்தான் அவளுக்கு அடுத்த பெட்டிக்கான சைகை ஆகியிருந்தது. அந்த வாரமே வேலை போயிற்று. பெட்டி மடிக்கக் கற்றுக்கொடுத்த நான், என்னை அங்கிருந்து அகற்றக் கற்றுக்கொடுக்கவில்லை. முதல் வாரமே இரண்டடி, அடுத்த வாரம் அறை வாசல், அதன் பிறகு தெருமுனை என்று நகர்ந்திருக்க வேண்டும். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், வீட்டில் அந்த மூலையில் நிற்பது நீங்கள்.

சம்பளம். 'பொழுது போகட்டும்' என்று அனுப்பாதீர்கள். ஒரு கம்பெனியில் இரண்டு பையன்களை 7 மாதம் 'டிரெயினிங்' என்றே வைத்திருந்தார்கள். தினம் எட்டு மணி நேரம், பைசா இல்லை. நான் கேட்டேன். "இங்க வந்தா அவனுக்கும் பொழுது போகுதில்ல" என்றார்கள். அழுத்திக் கேட்டதும் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு அம்மா என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. அவர் கோபத்தில் நியாயம் உண்டு. அந்த எட்டு மணி நேரம்தான் அவருக்குக் கிடைத்த மூச்சு. ஆனாலும் இன்றைக்கு நடந்தாலும் நான் கேட்பேன். பீஸ் ரேட்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள், குறைந்தது முதல் ஓராண்டுக்கு. வேகத்தில் இவர்கள் தோற்பார்கள். தவறில்லாமல் செய்வதிலும் லீவு எடுக்காததிலும் ஜெயிப்பார்கள். ஷிப்ட் சம்பளமாகப் பேசுங்கள். சனிக்கிழமை கவரை அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டிவரப் போகிற உங்கள் கையில் வேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளும் வேலைக்குப் போவார்கள் என்று நான் சொல்லவில்லை. வலிப்பும் உடல் முடக்கமும் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காதவர்கள் இருக்கிறார்கள். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் அவர்களுக்கு மருந்து வாங்கவே சரியாகப் போகிறது. அந்த வீடுகளுக்கு இந்த மடலில் பதில் இல்லை. அவர்களுக்கு வேறு மடல் வேண்டும். அதை அரசாங்கத்துக்கு எழுத வேண்டும். ஆனால் யார் முடியும், யார் முடியாது என்பதை 13 வயதில் ஒரு ஐ.கியூ. எண்ணைப் பார்த்து முடிவுகட்டும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

எக்ஸெல்லை எல் பெட்டியில் போட்டவன் பத்து ஆண்டுக்கு மேலாக அங்கேயே வேலை செய்கிறான். பி.எஃப். பிடிக்கிறார்கள். பீகார் நண்பன் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்பவில்லை. அதற்கு இவன் இரண்டு வாரம் வேலைக்கு வர மாட்டேன் என்று படுத்துக்கொண்டான், பிறகு வந்தான். இப்போது டிரம் பக்கத்தில் தனியாகத்தான் நிற்கிறான். படம் வரைந்த அட்டை சட்டைப் பையில் இன்னும் இருக்கிறது, எடுத்துப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி முதல் நான் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பைக்கில் வேண்டாம், டவுன் பஸ்ஸில் வாருங்கள். உங்கள் இருவருக்கும் கட்டணமில்லை. கண்டக்டர் வரும்போது நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். கார்டை அவன் எடுத்துக் காட்டட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சிறப்பாசிரியை ஒருத்தி
திருப்பூர்